வேனில் இரண்டு இடம் காலி

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பசியாறிக்கொண்டே இந்தப் பக்கத்தைத் திருப்பும் நேரத்தில், நான் லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருப்பேன். 16 பேர் உட்காரும் வேன். சிகாமட்டுக்குப் போகிறோம். எங்கள் ஊர்ப் பையன்களின் காற்பந்து அணிக்கு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அங்கேதான்.

இந்தப் பத்தியைப் பல வருடங்களாகப் படித்து வருகிறவர்களுக்கு என் இன்னொரு முகம் தெரியாது. நான் அந்த அணியின் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால் தண்ணீர்ப் பெட்டி வாங்குவது, நடுவருக்குக் காசு கொடுப்பது, துவைத்த ஜெர்சிகளை எண்ணி அடுக்குவது, வெளியூர் ஆட்டம் என்றால் வேன் ஓட்டுவது. பந்தை உதைத்துப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று.

எங்கள் லீக்கைப் பற்றித் தொலைக்காட்சியில் வராது. சுற்று வட்டாரத்து எட்டு அணிகள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நடத்துகிறோம். ஒவ்வோர் அணியோடும் இரண்டு தடவை மோத வேண்டும், சொந்தத் திடலில் ஒன்று, அவர்கள் திடலில் ஒன்று. ஆக மொத்தம் 14 ஆட்டம். 13 முடிந்துவிட்டது. ஆறு வெற்றி, மூன்று சமநிலை, நான்கு தோல்வி, 21 புள்ளி. நாலாவது இடத்தில் இருக்கிறோம். முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். ஐந்தாவது இடத்தில் 19 புள்ளியோடு இருப்பவர்கள் யார் தெரியுமா? இன்று எங்களை எதிர்கொள்ளப் போகும் அதே சிகாமட் அணி. நாங்கள் சமநிலை கண்டாலே போதும். தோற்றால் அவர்கள் 22, நாங்கள் 21.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் என் வயிற்றில் புளியைக் கரைக்கும். சொந்தத் திடலில் ஏழு ஆட்டத்தில் நாங்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஐந்து வெற்றி, இரண்டு சமநிலை. வெளியூரில் ஆறு ஆட்டம் ஆடினோம். ஒரு வெற்றி, ஒரு சமநிலை, நான்கு தோல்வி. அதே பையன்கள், அதே பந்து. ஏன் இப்படி?

எதிரணி ரசிகர்களின் கூச்சலால் என்று சொல்ல முடியாது. கூச்சல் போட அங்கே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். காரணம் வேறு. எங்கள் பையன்களில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கூலாயைத் தாண்டி, ஜொகூர் பாலத்தில் வரிசை பிடித்து, எட்டு மணிக்கு முன்னால் வேலையிடத்தில் இருக்க வேண்டும். இரவு வேலை செய்கிறவர்கள் அதே பாதையில் எதிர்த்திசையில் திரும்பி வருவார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் திடலில் ஆட்டம் என்றால், இரவு வேலை முடித்து வந்தவன் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து வந்துவிடலாம். வெளியூர் ஆட்டத்துக்கு வேன் 11 மணிக்கே கிளம்பிவிடும். அவன் தூங்கட்டுமா, வேனில் ஏறட்டுமா?

சிகாமட் ஒன்றும் சந்திர மண்டலம் இல்லை. சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறி, யோங் பெங்கில் இறங்கி, லாபிஸ் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். சாப்பிட, கால் நீட்ட, உடல் சூடேற்ற இன்னும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பி வர இரவு பத்து மணி ஆகும். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பாலத்துக்குக் கிளம்ப வேண்டியவனுக்கு அந்தப் பத்து மணி என்ன விலை என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். போன ஜூனில் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ஒன்பது பேரோடு போய் இறங்கினோம். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே நடக்காது என்பது காற்பந்துச் சட்டம். ஒன்பது பேர் இருந்ததால் ஆட்டம் நடந்தது. நடக்காமல் இருந்திருக்கலாம் என்று அன்று மாலை எனக்குத் தோன்றியது.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு கூத்தும் இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆனது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் அரசாங்க வேலைக்காரருக்கும் வெள்ளிக்கிழமை ஓய்வு. சிங்கப்பூரில் வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு நாள் தேட வேண்டியிருந்தது. பதினோரு பேரை ஒரே நாளில் திடலில் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். சனிக்கிழமை வைத்தால் ஒரு பாதி வராது, ஞாயிறு வைத்தால் மறுபாதிக்கு அடுத்த நாள் அல்ல, அன்றைக்கே பள்ளிக்கூடம். 2025 ஜனவரி முதல் மறுபடியும் சனி, ஞாயிறு என்று ஆன பிறகுதான் எங்கள் லீக்குக்கே உயிர் வந்தது. இந்தப் பருவத்தில் 13 ஆட்டத்தையும் குறித்த நாளில் ஆடி முடித்ததே எங்களுக்குப் பெரிய சாதனை.

போன மாதம் அமெரிக்காவில் வேலை செய்யும் என் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். வட கரோலினாவில் டர்ஹம் என்ற ஊரில் இருக்கிறாள். பின்னால் ஒரே வெளிச்சம், கூட்டம், பச்சைப் புல்தரை.

"அப்பா, உங்க டீம் மாதிரியே இங்க ஒரு டீம் இருக்குப்பா. பேஸ்பால். எல்லாருமே மேல போகக் காத்துக்கிட்டு இருக்கிற பசங்க!"

அந்த அணியின் பெயர் டர்ஹம் புல்ஸ். திடலின் ஓரத்தில் பெரிய காளை மாட்டுப் பலகை ஒன்று நிற்கிறது. பந்தை அடித்து அந்தக் காளையின் மேல் படவைத்தால் ஆட்டக்காரருக்கு மாட்டிறைச்சி ஸ்டேக் இலவசம் என்று அதில் எழுதியிருப்பதைக் காட்டினாள். சிரிப்பு வந்தது. நாங்கள் கோல் போட்டவனுக்கு ஒரு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுப்பது வழக்கம். ஊர் எதுவானாலும் பொறுப்பாளர்கள் புத்தி ஒன்றுதான்.

அங்கே முதல்தர பேஸ்பால் சங்கங்கள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக 120. இந்த 120க்குத்தான் மைனர் லீக் என்று பெயர். கீழ்ப்படியில் இருப்பவர்கள் பஸ்ஸில்தான் ஊர் ஊராகப் போவார்கள். பெயர் பெற்ற நாட்டில் பணத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மேல்படியான டிரிப்பிள் ஏ ஆட்டக்காரருக்கே ஆண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டாலராகத்தான் இருந்திருக்கிறது. 2022ல் அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023ல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த 17,500 ஒரேயடியாக 35,800 ஆனது. தோட்டத்தில் சங்கம் வைத்துச் சம்பளம் கேட்ட பரம்பரையில் வந்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

அங்கேயும் ஒரு சோகம் உண்டு. 2020ல் 160 ஆக இருந்த அணிகளை 2021ல் 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாற்பது ஊர்களுக்கு அந்தப் பிணைப்பு அறுந்தது. கோடைக்கால மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் இருந்ததே, அது போயிற்று.

நம்மவர்களும் அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். 2008ல் இந்தியாவில் பந்தை வேகமாக எறியும் போட்டி ஒன்று வைத்து, ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்று இரண்டு உத்தரப் பிரதேசத்துப் பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள், பேஸ்பாலைக் கண்ணால் பார்க்காதவர்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் சங்கம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அந்தக் கதைதான் 2014ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக வந்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். இரண்டு பேரும் முதல்தர லீக்குக்குப் போகவில்லை. ஆனால் மைனர் லீக் ஆட்டங்களில் பந்து எறிந்தார்கள். யாரோ ஒருவர் அவர்களிடம் வந்து "எறிகிறாயா?" என்று கேட்டதால் நடந்தது அது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நம் நாட்டிலும் நம் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. மிஃபா என்ற மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017ல் இரண்டாம் தர லீக்கான பிரிமியர் லீக்கில் ஆடியது. 2018 பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயரோடு ஜே.டி.டி.யையும் சிலாங்கூரையும் எதிர்த்து நின்றது. அந்த வருடம் நாங்கள் இதேபோல ஒரு வேன் எடுத்துக்கொண்டு லார்க்கின் அரங்கத்துக்குப் போனோம். ஒரு பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த மாநிலத்தின் அணி, அதில் எஸ். குணாளன் வேறு. மறுபக்கம் நம் பிள்ளைகள் நிறைந்த அணி. யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டினோம். எங்கள் அணியில் அப்போது 14 வயதாக இருந்த பையன் ஒருவன், திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேனை விட்டு இறங்கும்போது, "மாமா, நானும் கோல் கீப்பர் ஆகப் போறேன்" என்றான்.

கடைசிப் பருவத்தில் அந்த அணி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்ளூர்க்காரர்களை மட்டுமே வைத்து ஆடியது. 2022 முடிந்ததும் லீக்கைவிட்டு விலகிக்கொண்டது. பணம் போட்டவர்களுக்கு அவர்கள் கணக்கு இருந்திருக்கும், அதைக் குறை சொல்ல நான் யார்? அதே ஆண்டோடு பிரிமியர் லீக்கும் மூடப்பட்டது. அதன் கடைசி வெற்றியாளர் ஜே.டி.டி.யின் இரண்டாவது அணி. அவர்கள் முதல் அணியின் நிழல் என்பதால் மேலே ஏறவும் முடியாது. எங்கள் பையன்களைப் பொறுத்தவரை ஒரே சமயத்தில் மாடியும் போயிற்று, படிக்கட்டும் போயிற்று. இப்போது ஏ1 அரைத்தொழில்முறை லீக் என்று புதிதாக ஒன்று கட்டுகிறார்கள். நல்லது. லாயாங் லாயாங்கிலிருந்து அந்த ஏணியின் முதல் குச்சி கண்ணுக்குத் தெரிகிறதா என்றால், இன்னும் இல்லை.

அந்த 14 வயதுப் பையனுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. எங்கள் கோல் காவலன் அவன்தான். சொந்தத் திடலில் நாங்கள் தோற்காததற்குப் பாதிக் காரணம் அவன் கைகள். எங்கள் ஊர்ப் பெரிசுகள் அவனை ஆறுமுகம் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் வேறு. மலேசியக் கோலைக் காத்த 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தை நினைவிருக்கும். 1988ல் விபத்தில் போய்ச் சேர்ந்தார். 35 வயதுதான். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோல் காவலனுக்கு அதைவிட மரியாதை கிடையாது.

அவன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். இந்த ஞாயிறு அவனுக்குக் கூடுதல் வேலை. ஓய்வு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். ஒரு சிங்கப்பூர் டாலர் நம் மூன்று வெள்ளிக்கு மேல். தங்கை பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், கட்டணம் கட்டும் மாதம் இது. அவன் கேட்காமலே இதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் "வருகிறவர்கள் பெயர் போடவும்" என்று மட்டும் போட்டேன். 13 பெயர் வந்தது. அவன் பெயர் இல்லை. என்னையும் சேர்த்தால் 14. வேனில் இரண்டு இடம் காலி.

மாற்றுக் கோல் காவலன் ஒருவன் இருக்கிறான். படிவம் 5 படிக்கிறான். தைரியசாலி. உயரம்தான் என் தோள் வரை.

திங்கட்கிழமை சாயங்காலம் கூலாயிலிருந்து அண்ணன் வந்திருந்தார். என்னைவிட ஆறு வயது பெரியவர். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "கோல்ல யார்?" என்றார். சொன்னேன்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்கல. கேட்டா கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடும். அவன் குடும்பக் கஷ்டம் நமக்குத் தெரியாதா?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கும் அப்படித்தான் யாரும் கேட்கல."

இதை நான் விளக்க வேண்டும். 1979ல் நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அண்ணனுக்கு 18 வயது. இடது கால் ஆட்டக்காரர். தோட்டங்களுக்கு இடையிலான ஆட்டங்களில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினால், ஆயாக் கொட்டகைக் கிழவிகள்கூட எழுந்து நிற்பார்கள். குளுவாங்கில் இளைஞர்களுக்கான ஒரு தேர்வு ஆட்டத்துக்கு அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அன்று தோட்டத்தில் ஞாயிறு வேலை போட்டிருந்தார்கள், கூடுதல் சம்பளம். அண்ணன் விடியற்காலையில் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் நிரைக்குப் பால் வெட்டப் போய்விட்டார். வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்குப் போ என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா தேநீர் கலந்து கொடுத்தார். எனக்கு 12 வயது. பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்தில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திங்கட்கிழமைதான் பேசினார்.

"கேட்டிருந்தாலும் நான் பால் வெட்டத்தான் போயிருப்பேன்டா. அப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது? ஆனா யாராச்சும் ஒரு வார்த்தை, 'போறியா, நாங்க பாத்துக்கிறோம்'னு கேட்டிருந்தா, நானா விட்டுக்கொடுத்தேன்னு ஆகியிருக்கும். கேட்கலைன்னா அது விட்டுக்கொடுத்தது இல்ல. இல்லாமப் போனது."

அவர் போன பிறகு வெகு நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். லாயாங் லாயாங் என்றால் மலாயில் பட்டம், தகைவிலான் குருவிக்கும் அதே பெயர். பட்டம் விடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நூலை இறுக்கிப் பிடித்தாலும் ஏறாது, விட்டுவிட்டாலும் ஏறாது. நான் இறுக்கக் கூடாது என்று பயந்து, நூலையே கையில் எடுக்காமல் இருந்திருக்கிறேன். அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் இரவு அவனைக் கூப்பிட்டேன். பாலத்தில் வரிசையில் இருந்தான், ஹாரன் சத்தம் கேட்டது.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை சிகாமட். உனக்கு வேலை இருக்குன்னு தெரியும். வேலைக்குப் போனா ஒண்ணும் தப்பு இல்ல, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஆனா எங்களுக்கு நீ வேணும். வர்றியான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்தான்.

"மாமா, குரூப்ல போட்டதைப் பாத்தேன். எனக்குன்னு தனியா எதுவும் சொல்லல. சரி, சின்னவனை வெச்சே ஆடப் போறீங்க போலன்னு நினைச்சேன்."

"அப்படி இல்லடா."

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் பாக்கிறேன் மாமா. சனிக்கிழமை ராத்திரி வேலைக்கு மாத்திக் கொடுத்தா வந்துடலாம். தூக்கம் வேன்லதான்."

இந்தப் பக்கத்தை நான் புதன்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். இன்று புதன். அவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் படிக்கும்போது விடை எனக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குச் சொல்ல வழி இருக்காது. கையுறை இரண்டு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னவனிடமும் பேசிவிட்டேன். அண்ணன் வந்தால் நீ பெஞ்ச், வராவிட்டால் கோல் உன்னுடையது என்று. "ரெண்டுக்கும் ரெடி அங்கிள்" என்றான்.

இரண்டு காலி இடத்தில் ஒன்றை எங்கள் அண்ணன் பிடித்துவிட்டார். தண்ணீர்ப் பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்று அவராகவே கேட்டார். மற்றது மீதம் இருக்கிறது. வேன் ரயில் நிலையத்துக்கு எதிரில் சரியாக 11 மணிக்குக் கிளம்பும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் இன்று மட்டும் காத்திருப்பேன்.

சிகாமட் வாசகர்கள் மாலை ஐந்து மணிக்குச் சும்மா இருந்தால் திடல் பக்கம் வாருங்கள். எந்த அணிக்கு வேண்டுமானாலும் கைதட்டுங்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்களிலும் யாரோ ஒருவன் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருப்பான். உங்கள் ஊரில் இப்படி ஓர் அணி இருந்தால், அதில் வராமல் நின்றுபோன பையன் ஒருவன் இருந்தால், இன்று அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் முடியாது என்று சொன்னாலும் பரவாயில்லை.

முடிவு என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.